சாத்தாத கதவு

மோளே,

நேற்று மட்டாஞ்சேரி நூலகத்தில் நீ பேசியபோது கடைசி பெஞ்சில் இருந்தேன். விக்டோரியா ராணி காலத்து நாவல்களில் பொல்லாதவர்கள் ரெண்டு பேரை எடுத்துக்கொண்டாய். பொய் உயில் எழுதியவனைக் கெட்டிக்காரன் என்கிறவர்கள், அடி தாங்காமல் பிள்ளையை விட்டு ஓடியவளை மட்டும் ஏன் பிசாசு என்கிறார்கள் என்று கேட்டாய். பள்ளுருத்தியில் இருபது வருஷமாக எனக்காக ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை.

"போகும்போது அவள் கதவைச் சாத்தவில்லை. பிள்ளை அழுதால் அயலாருக்குக் கேட்க வேண்டுமே" என்றாய்.

நூலகத்துச் சுமா சேச்சியிடம் விசாரித்தேன். அந்த நாவலில் கதவைப் பற்றி ஒன்றுமே இல்லையாம்.

பெற்ற மகளுக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நான் வீட்டை விட்டுப் போன அன்று காலை நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

உன்னைப் பெற்றவள்