ஆன்ஸ் மரோ குன்றின் டவர்

மார்ச் 5, திங்கள்

காலைப் பேருந்தில் ஓட்டுநர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "மிஸ் ப்ராஸ்பர், என் பொண்டாட்டி இப்ப நாள் பூரா போன்லயே கிடக்கா. அடுப்புல கிழங்கு கருகுது. எல்லாம் உங்க டெலிபோன் ஆணையம் பண்ண வேலை!" பேருந்தே சிரித்தது, நானும்தான்.

தலைநகர் ரோசோவின் தெருக்களில் எங்கு பார்த்தாலும் புதிய போன் கம்பெனியின் மஞ்சள் குடைகள். பழைய கம்பெனி மட்டுமே இந்தத் தீவை ஆண்ட காலத்தில் இருந்த கட்டணத்தில் இன்று பாதிகூட இல்லை. இரண்டாவது கம்பெனிக்குக் கதவைத் திறந்துவிட்ட அறிக்கை நான் எழுதியது. இன்று அது கொஞ்சம் தலைக்கேறியது, ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 13

பழைய கம்பெனியிலிருந்து கடிதம். கிழக்குக் கரையில் ஆன்ஸ் மரோ குன்றின் மேலுள்ள டவரை நிறுத்தப்போகிறார்களாம். இதுவரை ரோசோவில் வந்த லாபத்தில் அதை ஓட்டினார்கள். போட்டியில் அந்த லாபம் போய்விட்டது. புதிய கம்பெனி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. மொத்தம் அறுபது வீடு, எல்லாம் மீன்பிடிக்கிறவர்கள்.

கம்பெனிகளுக்கு நாங்கள் கொடுத்த உரிமத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லா ஊருக்கும் சேவை தந்தாக வேண்டும் என்ற வரி அதில் இல்லை. இருக்காது. முதல் வரைவில் இருந்தது. "இந்தக் கட்டாயம் இருந்தால் புதிதாக யாரும் வர மாட்டார்கள். போட்டி வளர்ந்தால் டவர் எல்லா ஊருக்கும் தானாகப் போய்ச் சேரும்" என்று ஓரத்தில் குறித்து அதை அடித்தவள் நான்.

மார்ச் 14

இயக்குநர் கிறிஸ்பின் ராயரிடம் கடிதத்தைக் காட்டினேன். "உரிமத்துல இல்லாததை எப்படிக் கேக்குறது? கோர்ட்டுல ஒரு நாள் நிக்காது." பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அந்த வரியை எடுக்காதேன்னு அன்னைக்கே சொன்னேன், யூனெல்லா."

சொன்னார்தான்.

ஏப்ரல் 2

டவர் நின்றது. வானொலியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 20

செவ்வாயன்று கடலுக்குப் போன ஆன்ஸ் மரோ படகு ஒன்று இன்னும் திரும்பவில்லை. அண்ணன் தம்பி இருவர்.

ஏப்ரல் 23

தம்பி கிடைத்துவிட்டான். கெல்வர்ட் சேராஃபின். வடக்கே குவாதலூப் தீவுப் பக்கம் ஒரு பிரெஞ்சுக் கப்பல் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறது. அண்ணன் எவரிஸ்ட் இல்லை.

வானொலியில் கெல்வர்ட் பேசினான். "எஞ்சின் நின்னப்ப எங்க ஊர் குன்று தெரிஞ்சுது. அவ்வளவு தூரத்துலேர்ந்து முன்னெல்லாம் வீட்டுக்குப் போன்ல பேசியிருக்கோம். டவர் இல்லேன்னு தெரியும். இருந்தாலும் வேற ஏதாவது சிக்காதான்னு அண்ணன் போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தான். பேட்டரி போற வரைக்கும். மூணாம் நாள் நீந்திப் போறேன்னு இறங்கிட்டான்."

அணைத்துவிட்டேன். என்னடி செஞ்சே நீ? ஒரு வரிதானே — ஒரே ஒரு வரி —

ஏப்ரல் 24

கிறிஸ்பின் ஆறுதல் சொன்னார். "எஞ்சின் கெட்டதுக்கு நீ என்ன பண்ணுவே? அவங்க ஒரு வயர்லெஸ் வெச்சிருக்கணும்." நியாயம்தான். எஞ்சினை நான் கெடுக்கவில்லை. வரியைத்தான் அடித்தேன்.

மே 8, செவ்வாய்

ஆன்ஸ் மரோ பள்ளிக்கூடத்தில் ஆணையத்தின் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் விதிகளை விளக்கினேன். எவரிஸ்டின் மனைவி ஜோசெட் எழுந்தாள். கறுப்பு உடை, கையில் மனு எதுவும் இல்லை.

"மிஸ், இதெல்லாம் எனக்கு வேணாம். எங்க ஊரை விட்டுடலாம்னு முடிவு பண்ணது யாரு? பேரு சொல்லுங்க."

கிறிஸ்பின் என் முழங்கையைத் தொட்டார். அதற்குள் சொல்லிவிட்டேன்.

"நான்தாம்மா. உரிமத்துல உங்களுக்காக ஒரு வரி இருந்துது. அதை எடுத்தது நான்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கெல்வர்ட் எழுந்து வெளியே போனான். அவன் இப்போது கடற்கரைக்கே போவதில்லையாம். ஜோசெட் உட்காராமலே கேட்டாள்: "எடுக்கத் தெரிஞ்சவளுக்குத் திருப்பிப் போடத் தெரியாதா?"

மே 16

வழி இருக்கிறது. இரண்டு கம்பெனிகளும் கூடுதல் அலைக்கற்றை கேட்டு விண்ணப்பித்திருக்கின்றன. பழைய உரிமத்தில் கை வைக்க முடியாது. புதிதாகக் கொடுப்பதற்கு நிபந்தனை போடலாம். கிழக்குக் கரையில் ஒரே டவர், செலவு இருவருக்கும் பாதிப் பாதி, இரண்டு பேரின் சேவையும் அதிலிருந்து. மறுத்தால் அலைக்கற்றை கிடையாது.

மே 29

இரு கம்பெனிகளையும் கூப்பிட்டுப் பேசினோம். புதிய கம்பெனியின் மேலாளர் கொதித்தார். "அரசாங்கம் குறுக்க வராது, சந்தை பாத்துக்கும்னு எங்களைக் கூப்பிட்டது நீங்கதானே, மிஸ்? இப்ப ரெண்டு பேரையும் ஒரே கம்பத்துல கட்டுறீங்களே!"

"விட்டா கல்யாணமே பண்ணி வெச்சிடுவாங்க போல" என்றார் பழைய கம்பெனிக்காரர். பிறகு சிரிக்காமல், "இந்தச் செலவு எங்க போகும்? ரோசோவுல நிமிஷக் கட்டணம் ஏறும். அமைச்சர்கிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

அவர் சொன்னது பொய் இல்லை. நான் நம்பியதும் முழுப் பொய் இல்லை. பக்கத்து மார்த்தினிக் தீவில் மகனை வைத்திருக்கும் தாய் இன்று தினமும் அவன் குரலைக் கேட்கிறாள். அது போட்டியால் வந்தது. ஆனால் லாபம் இல்லாத ஊருக்குச் சந்தை தானாக நடந்து போகாது. யாராவது பிடித்து இழுத்துப் போக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஆள் சாக வேண்டியிருந்ததா?

ஜூன் 4

கிறிஸ்பின் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "உன் பழைய அறிக்கையைத்தான் கம்பெனிக்காரங்க கோர்ட்டுல நீட்டுவாங்க. அது தப்புன்னு புது அறிக்கையில நீயே எழுதணும். உன் பேரோட."

"எழுதுறேன்."

"செப்டம்பர்ல உன் ஒப்பந்தம் முடியுது. மலிவான போன் குடுத்தோம்னு ஊர் ஊரா பேசிக்கிட்டு இருக்காங்க மேல இருக்கறவங்க. இது அவங்களுக்குப் பிடிக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" என்றார். எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனார்.

ஜூன் 5

புது அறிக்கையின் இரண்டாம் பத்தி: "முந்தைய பரிந்துரை தவறானது. அதை எழுதியவரே இதில் கையொப்பமிடுகிறார்."

ஜூலை 12

ஆணையக் குழுவில் வாக்கெடுப்பு. ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு. நிறைவேறியது. மூன்றாவது கை கிறிஸ்பினுடையது, மெதுவாகத்தான் உயர்ந்தது.

செப்டம்பர் 28

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. கடிதத்தைக் கிறிஸ்பினே கொண்டுவந்து கொடுத்தார். இருவரும் தேநீர் குடித்தோம். "கல்லூரியில கணக்குக்கு ஆள் கேக்குறாங்க" என்றார். பதினான்கு வருட மேஜையைக் காலி செய்ய ஒரு அட்டைப் பெட்டி போதுமாக இருந்தது.

பிப்ரவரி 16, சனி

காலையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"மிஸ் ப்ராஸ்பரா? ஜோசெட் பேசுறேன், ஆன்ஸ் மரோ. டவர் வந்துச்சு, சரி. ரெண்டு கம்பெனியும் விலையை ஏத்திட்டானுங்களே, கேக்க ஆளில்லையா?"

நான் இப்போது ஆணையத்தில் இல்லை என்றேன்.

"கேள்விப்பட்டேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் காற்றும் கோழிச் சத்தமும் கேட்டன. "கெல்வர்ட் இன்னைக்குக் கடலுக்குப் போயிருக்கான். அதுக்கப்புறம் இதான் முதல் தடவை. இதுக்குள்ள கடல்லேர்ந்து ரெண்டு வாட்டி பேசிட்டான்."

"ரெண்டு வாட்டியா? ஏதாவது பிரச்சினையா?"

"முதல்ல பத்திரமா இருக்கேன்னு சொன்னான். ரெண்டாவது சும்மா. மதியத்துக்கு என்ன சமையல்னு கேட்டான். காசை வீணாக்காதே, வைடான்னு திட்டினேன்."

வெகுநேரம் இருவருமே போனை வைக்கவில்லை.