பொட்டலம் கட்டிய கை

காங்கேயம், தோட்டத்து வீடு
ஆனி 29, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் உன் தங்கை லோகாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே ராய்ப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் அத்தையும் குழந்தை வர்ஷிதாவும் சுகமாக இருக்க வேண்டும்.

சத்துமாவை அடிவரைக்கும் கொட்டிச் சலித்துவிட்டுக் குழந்தைக்குக் கொடு என்று போனில் இரண்டு தடவை சொன்னேன். இதைப் படிக்கிறாய் என்றால் நான் சொன்னது உனக்குப் புரிந்துவிட்டது. நான் போனில் பேசுவது அங்கே வீட்டுக்கே கேட்கிறது என்று உன் குரலை வைத்தே தெரிகிறது. அத்தை பக்கத்தில் இருந்தால் நீ "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி டப்பாவின் அடியில் வைத்தேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இங்கே மழை இன்னும் இறங்கவில்லை. செவலை மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. போன வாரம் கிணற்று மோட்டார் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன்னால் லோகாவே மோட்டார் ரூமுக்குள் போய் டெஸ்டரை வைத்துப் பார்த்து, ஒரு பியூஸ் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். பத்தாம் வகுப்பில் நீ கரியால் சுவரில் எழுதிவைத்த வயரிங் படம் அங்கே இன்னும் இருக்கிறது. மூன்று பேஸில் ஒன்று வராவிட்டால் சுவிட்சைத் தொடாதே என்று கீழே எழுதியிருக்கிறாய். நீ அதை எழுதிய அன்றைக்கு மோட்டார் காயில் எரிந்துவிட்டது என்று அடம்பிடித்த அதே எலக்ட்ரீஷியன் ஆறுச்சாமிதான் இப்போதும் வந்தான். "இந்த ஊட்டுல புள்ளைங்களே எல்லாத்தையும் பாத்துப்போடுதுங்க. என்னைய எதுக்குங்க கூப்புடறீங்க, டீ குடிக்கறதுக்கா?" என்று சிரித்தான். சுண்ணாம்பு அடிக்கும்போது அந்தச் சுவரை மட்டும் நான் அடிக்க விடுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லோகா பிளஸ் டூவில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று எடுத்தது உனக்குத் தெரியும். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் சென்னையில் அரசாங்கக் கல்லூரியிலேயே அவளுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது. ஃபீஸும் ஹாஸ்டலும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். ஜூலை இருபத்தாறாம் தேதி சனிக்கிழமைக்குள் இடத்தை ஏற்றுக்கொண்டோம் என்று கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடும்.

இதைச் சொல்வதற்கு உங்கள் பிசிக்ஸ் டீச்சர் அஃப்ஷீன் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கே வந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பாவும் வந்து உட்கார்ந்தார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க மெக்கானிக்கல்? ஸ்பேனர் புடிச்சுக்கிட்டு லாரிக்கு அடியில படுக்கவா?" என்றார். டீச்சர் கொஞ்சமும் முகம் மாறாமல், "ஸ்பேனர் புடிக்கறதுக்கு இல்லீங்க. அந்த லாரிய எப்படிச் செய்யறதுன்னு கத்துக்கறதுக்குங்க. மூத்த புள்ளையத்தான் உட்டுட்டீங்க, இந்தப் புள்ளையவாச்சும் அனுப்புங்க" என்றார்கள். அவர்கள் படி இறங்கிப் போனார்கள். பெரியப்பா அப்பாவைப் பார்த்து, "பூ கேட்டரலாந் தம்பி. அம்மன் உடறதுன்னா போகட்டும், நானா வேண்டாங்கறேன்?" என்றார். அப்பாவும் தலையாட்டிவிட்டார். இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை குலதெய்வம் கோயிலில் பூ கேட்பது, வெள்ளை வந்தால் அனுப்புவது, சிவப்பு வந்தால் நிறுத்திவிடுவது என்று முடிவாகிவிட்டது.

நான் லோகாவைத் தனியாகக் கூப்பிட்டு, பூவெல்லாம் வேண்டாம், நீ கிளம்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. "அக்காவுக்குச் சிவப்பு எடுத்துக் குடுத்தது இந்தக் கைதானுங்கம்மா. அக்கா மட்டும் சாமி பேச்சக் கேக்கோணும், நான் கேக்காமப் போகோணுமா? அக்கா என்ன சொல்லுதோ அதுதான்" என்றாள். பிறகு உனக்குப் போன் போட்டாள். நீ சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "சாமிகிட்டக் கேட்டுட்டே போ லோகு. எனக்கு வேண்டாம்னு சொல்லுச்சு, நானும் கேட்டுக்கிட்டேன். எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாய்.

பிரவீனா, உனக்கு வேண்டாம் என்று சாமி சொல்லவில்லை கண்ணு. சொன்னது நான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. கோயம்புத்தூரில் உனக்கு எலக்ட்ரிக்கல் கிடைத்திருந்த நேரம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒரு பொட்டலத்தில் செவ்வரளி வைத்துக் கட்ட வேண்டும். அது வீட்டுப் பெண்ணின் வேலை. நான் ஈரச்சேலையோடு கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டிலும் செவ்வரளியையே வைத்தேன். இரண்டையும் ஒரே மாதிரி பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டினேன். பூசாரி வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். லோகாவைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். பதினொரு வயதுப் பிள்ளை, உனக்கு வெள்ளை வர வேண்டும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எடுத்தாள். எதை எடுத்திருந்தாலும் சிவப்புதான். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது நம் கோயில் வழக்கம். அதை நானே கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட்டேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீ அழக்கூட இல்லை. அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தாய்.

வீட்டைவிட்டு வெளியே போகிற எதையும் நான் நோட்டில் எழுதிவைப்பேன் என்று உனக்குத் தெரியும். அன்றைய தேதியில் "கோயிலுக்குச் செவ்வரளி இரண்டு கை" என்று இருக்கிறது. வெள்ளை அரளி இல்லை. கை தானாகவே எழுதிவிட்டது. அதைக் கிழித்தெறியவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். அதற்கு முந்தின மாதம் மேற்கே பக்கத்து ஊரில் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். கால் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். வேறு சாதிப் பையன் ஒருவனோடு அவள் பேசிக்கொண்டிருந்தாள் என்பது ஊருக்கே தெரியும். சாவுக்குப் போய்விட்டு வந்து பெரியப்பா நம் வாசலில் கால் கழுவிக்கொண்டே, "நம்மூட்டுல இப்படி ஒண்ணு நடந்தா நானும் இதையேதான் செய்வேன்" என்றார். நான்தான் செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் அப்பா பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கே எனக்குள் ஏதோ முடிந்துவிட்டது. நீ படிக்காவிட்டால் பரவாயில்லை, உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தேன். நீ யாரையும் ஏறெடுத்துப் பார்க்கிற பிள்ளை இல்லை. ஆனால் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும்தான் எனக்கு யோசனை ஓடியது. அம்மனை நம்பிக் கும்பிடுகிறவள், அம்மனிடம் விடாமல் நானே முடிவெடுத்துவிட்டேன்.

தை மாதமே உன் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக இரண்டு ரிக் வண்டி, வடக்கே போர்வெல் போடும் தொழில், நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பகலில் நான் சாப்பிடுவதில்லை. ஏதோ நோன்பு என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டீர்கள். அந்தக் கோயில் திருநீற்றை வாங்குவேன், நெற்றியில் வைக்க மாட்டேன். முந்தானையில் முடிந்து கொண்டுவந்து துளசி மாடத்தில் போட்டுவிடுவேன்.

போன பொங்கலுக்கு நீ வந்தபோது அடுப்படிச் சூட்டிலும் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாய். குழந்தை உன் கையைப் பிடித்து இழுத்தபோது உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். ரிக் வண்டி ஆட்கள் ஒன்பது பேருக்குச் சமைக்கிறேன், எண்ணெய் தெறித்துவிட்டது என்றாய். ஒரு தடவை எண்ணெய், ஒரு தடவை கதவு. நானும் நம்புகிற மாதிரியே கேட்டுக்கொண்டேன். உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தவளுக்கு அதற்கு மேல் கேட்க வாய் எங்கே இருக்கிறது?

மூன்று நாளைக்கு முன்னால் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவையும் என்னைத்தான் பொட்டலம் கட்டச் சொன்னார். இந்தக் கையால் கட்ட மாட்டேன் என்று சொல்லி நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். திட்டுவார், அடிக்கக்கூட அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "பெரியவகிட்ட மட்டும் இதைச் சொல்லிப்போடாத புள்ள. சாமி சொன்னதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் அது அங்க காலந்தள்ளுது. அதையும் புடுங்கிட்டா அப்புறம் அதுக்கு என்னதான் இருக்குது?" என்றார். பொங்கலுக்கு அவரும் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் சொன்னது நியாயம்தான். இரண்டு நாள் சும்மா இருந்தேன். ஆனால் அந்தப் பொய்யை வைத்துத்தான் நீ இப்போது லோகாவுக்குப் புத்தி சொல்கிறாய். அதற்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. லோகாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் தெரிய வேண்டியவள் நீ.

வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லோர் முன்னாலும், பெரியப்பா முன்னாலும், நான் செய்ததைச் சொல்லப் போகிறேன். பொய் வைத்து வாக்கு வாங்கிய குடும்பம் என்று தெரிந்தால் பூசாரி பொட்டலத்தைத் தொட மாட்டார். பூ கேட்பது அதோடு நின்றுவிடும். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அதே பெரியப்பாதான், அதே கிணறுதான். லோகாவை ரயிலேற்றிவிட்டால் அப்புறம் நான் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்க மாட்டேன். தூங்காமல் கிடந்தால் என்ன? பயத்துக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றைக் கொடுக்க மாட்டேன்.

பூ நின்றாலும், நீ சொல்லாமல் லோகா கிளம்ப மாட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்கு ஒரு போன் போடு. அத்தை பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, விளக்கம் ஒன்றும் வேண்டாம். "போ லோகு" என்று மட்டும் சொல். என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்க மாட்டேன். ஏழு வருடத்தை வாங்கிக்கொண்டு அதைக் கேட்பது நியாயமில்லை.

இன்னும் ஒன்று. உன் மார்க் ஷீட்டும் டி.சி.யும் அஃப்ஷீன் டீச்சரிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். உனக்கு இருபத்து நாலு வயதுதான் ஆகிறது, இப்போதும் சேரலாம், எங்கே எப்படி என்று நான் விசாரித்துச் சொல்கிறேன் என்றார்கள். சேர்வதும் சேராததும் உன் இஷ்டம். அதற்காகத்தான் வர வேண்டும் என்றில்லை. எந்த நாள் வேண்டுமானாலும், எந்த நேரமானாலும், காரணம் ஒன்றும் சொல்லாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறிவிடு. ஈரோட்டில் இறங்கி ஒரு போன் போட்டால் போதும். இப்படி எழுதச் சொன்னது நான் மட்டுமில்லை. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நீயும் குழந்தையும் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு,

உன் அம்மா
சாந்தாமணி