வாப்பா சிரிக்கும் படம்

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி
24 மார்ச் 2009, செவ்வாய்

அன்புள்ள மகுதூம் சாச்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தாவூத் காக்காவின் மகள் நதா எழுதுகிறேன். நடந்தது எல்லாவற்றையும் உண்மையாக எழுதப்போகிறேன். யாரையும் நல்லவராகக் காட்டுவதற்காக எதையும் கூட்டமாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் தெரியாமல் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் எண்ணைப் பார்த்தால் நீங்கள் போனை எடுப்பதில்லை. மின்னஞ்சல் பார்க்கிற பழக்கமும் உங்களுக்கு இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தமிழில் பிழை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைக் குறை சொல்லுங்கள், உம்மாவை அல்ல.

ஆஸிபா சாச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் ஓட்டும் பஸ்ஸின் தடத்தை மாற்றிவிட்டார்கள் என்று சாச்சி சொன்னார்கள். எனக்கு வரலாற்றுக் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. உஸைர் காக்காவுக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் வீட்டில் யாரும் கேக் வெட்டவில்லை.

உங்கள் கையில் இருக்கும் அந்தத் துண்டுப் பிரசுரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய பணக்காரக் கால்பந்து அணிகள் எல்லாம் உங்கள் இங்கிலீஷ் லீக்கிலிருந்து பிரிந்துபோய்த் தனி லீக் தொடங்கவேண்டும் என்று ‘அமெரிக்க ரசிகர்கள் கேட்கிறார்கள்’ என அதில் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே வாப்பா பேனர் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் பாதி முகமும் ஒரு கையும் தெரிகிறதே, அது நான். நான் அங்கே இருந்தேன்.

வாப்பா டேட்டாபேஸ் வேலை பார்ப்பது ஒரு விளம்பர நிறுவனத்துக்காக. புதிய லீக் தொடங்குகிறவர்கள் அந்த நிறுவனத்தைத்தான் விளம்பரத்துக்கு அமர்த்தியிருந்தார்கள். அது வாப்பாவுக்குத் தெரியாது. நவம்பரில் ஒரு நாள் மேனேஜர் வந்து, நீ கால்பந்து ரசிகனாமே, உன் நண்பர்களையும் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்கு வா, பெரிய திரையில் மேட்ச் பார்க்கலாம், ஹலால் சாப்பாடு இருக்கிறது, எல்லோருக்கும் ஜெர்சி உண்டு என்று சொன்னாராம். வாப்பா தயங்கினார்கள். வாப்பாவின் நண்பர் மணியன் அங்கிள்தான், “ஏனுங் தாவூத் பாய், சும்மா குடுக்கற சட்டைய வேண்டாம்னு சொன்னா அது மேட்ச்சுக்கே அவமானமுங்க” என்று சொல்லி எல்லோரையும் காரில் ஏற்றினார். அவருடைய வயிற்றுக்கு அந்தச் சட்டை ஏறவே இல்லை. கடைசியில் தோளில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

மேட்ச் முடிந்ததும் ஒருவர் மைக்கைப் பிடித்தார். பெரிய அணிகள் வாராவாரம் தங்களுக்குள்ளேயே மோதினால் பிடிக்குமா, அதில் சில ஆட்டங்கள் இங்கே ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் நடந்தால் பிடிக்குமா என்று கேட்டார். யார் வேண்டாம் என்பார்கள் சாச்சா? எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அப்போதுதான் வாப்பா கையில் அணிகளின் பெயர் போட்ட பேனரைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிரிந்து போவது என்ற சொல்லையே அவர் சொல்லவில்லை. சின்ன அணிகளை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள் என்பதையும் சொல்லவில்லை.

நான் மட்டும் ஒரு கேள்வி கேட்டேன். கடைசி இடத்துக்கு வரும் அணியை எந்தப் பிரிவுக்கு இறக்குவீர்கள் என்று. நீங்கள்தானே எனக்கு அதையெல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள். அவர் என் தலையைத் தட்டிச் சிரித்தார். யாரும் கீழே இறங்கவேண்டாம், இந்த லீக்கின் அழகே அதுதான் செல்லம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். காரில் திரும்பி வந்தோம். பிரிட்ஜ்வாட்டர் தாண்டியதும் வாப்பா, “இவ கேட்டத நாம ஏன் கேக்கல?” என்று மணியன் அங்கிளிடம் கேட்டார்கள். அங்கிள், “நமக்கு வாயில சமோசா இருந்துச்சுங்க” என்றார். அப்போது நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

பிப்ரவரியில் நீங்கள் கூப்பிட்ட நாளில் வாப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். அதனால் எல்லோருமே கேட்டோம். “காக்கா, இது நீங்கதானா? நான் மழையில நின்னு அந்த லீக் வேணாம்னு போர்டு புடிக்கிறேன், நீங்க அங்க பல்லக் காட்டிட்டு நிக்கிறீங்களா? என் கூட்டாளிங்க மூஞ்சில நான் எப்படி முழிக்க?” என்று கேட்டீர்கள். வாப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார்கள். அதற்குள் லைன் போய்விட்டது. அதன் பிறகு இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. வாப்பா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “சார்ஜ் தீந்திருக்கும்” என்றார்கள். மறுபடி மறுபடி டயல் செய்தார்கள். காலிங் கார்டு முடிந்தபின் இந்தியன் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தார்கள். அதுவும் முடிந்தது.

சனிக்கிழமை மேட்ச்சை இப்போதும் வாப்பா பார்க்கிறார்கள். இடைவேளை வந்தால் நீங்கள் மைதானத்திலிருந்து கூப்பிட்டு, கூட்டத்தின் சத்தத்தைக் கேட்க வைப்பீர்களே, அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். குளியலறைக்குக்கூடப் போவதில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கியதும் சத்தத்தைக் கூட்டுவதில்லை. ஊமைப்படம் மாதிரி முடிவு வரைக்கும் பார்க்கிறார்கள்.

போன வாரம் சாச்சி உம்மாவிடம் பேசினார்கள். அண்ணன் எதிர்ப்பக்கம் இருக்கும்போது தம்பி எதற்கு என்று உங்கள் ரசிகர் குழுவினரே உங்களை ஒதுங்கி இருக்கச் சொன்னார்களாம். அதைக் கேட்டபின் வாப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு சாச்சி வழியாகவே குழுவின் செயலாளருக்குச் செய்தி அனுப்பினார்கள். ஏப்ரல் ஐந்தாம் தேதி உங்கள் பெரிய கூட்டத்தில் போன் வழியாகப் பேசுகிறேன், என் பெயர், வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர், எங்களை எப்படிக் கூட்டிப்போனார்கள், எதை மறைத்தார்கள் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று. செயலாளர் சரி என்றுவிட்டார். பத்திரிகைக்காரர்களும் வருவார்களாம்.

சாச்சா, வாப்பா அதைச் சொன்னால் அன்றே வேலை போய்விடும். இங்கே இப்போது எல்லா அலுவலகத்திலும் ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த எழிலரசி ஆன்ட்டி வீட்டில் வேலை போனதும் சோபாவை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் வாப்பாவின் வேலையோடு பிணைந்தது. வேலை போனால் விசா போகும், நாங்கள் எல்லோருமே போகவேண்டும். உஸைர் காக்கா ரட்கர்ஸ் கடிதத்தை மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டான். “பெரிய டீமுக்கெல்லாம் கீழ எறங்கற பயமே கெடயாதாம். எல்லா ரெலிகேஷனும் நம்ம வீட்டுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

உம்மா அழுதார்கள். “தம்பிக்காக வேலைய விடுவீங்க. புள்ளைங்களுக்காக ஒரு தடவ வாயப் பொத்திட்டு இருக்க மாட்டீங்களா?” என்று கேட்டார்கள். வாப்பா கோபப்படவில்லை. “ஹபீஸா, வேலை வேற கெடைக்கும். அந்தப் படத்துல நான் சிரிக்கிறேன். அத வச்சுத்தான் என் தம்பிய வெளிய நிறுத்தி இருக்காங்க. எனக்கு வேற தம்பி இல்ல” என்றார்கள். 

உங்கள் போராட்டம் தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். நானும் உங்கள் பக்கம்தான். இந்த நூலகத்தில் கால்பந்து பற்றி இருக்கும் எல்லாப் புத்தகங்களையும் படித்துவிட்டேன். அந்தப் பெரிய அணிகளும் ஒரு காலத்தில் சின்ன அணிகளாகத்தான் இருந்தன, யாரோ அவற்றுக்கு மேலே வர வழி விட்டிருந்தார்கள். அதனால் கூட்டத்தில் உண்மை சொல்லப்படவேண்டும். ஆனால் அதை வாப்பா வாயால் சொல்ல வேண்டாம். நான் மேலே எழுதியதை ஆங்கிலத்தில் மாற்றி இதோடு தனித்தாளில் வைத்திருக்கிறேன். வாப்பா பெயரும் நிறுவனத்தின் பெயரும் அதில் இல்லை. படத்தின் ஓரத்தில் கை தூக்கியிருக்கும் பெண் எழுதியது என்று சொல்லி வாசியுங்கள். என்னை வேலையை விட்டு அனுப்ப யாராலும் முடியாது. அப்படியும் வாப்பாவின் நிறுவனத்தில் கண்டுபிடிக்கலாம் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க யோசித்தேன், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதை வாசித்தால் மட்டும் வாப்பா நிறுத்தமாட்டார்கள். நீங்கள் சொன்னால்தான் நிறுத்துவார்கள். ஐந்தாம் தேதிக்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடுங்கள் சாச்சா. மன்னித்துவிட்டேன் என்றுகூடச் சொல்லவேண்டாம். திட்டுங்கள், முன்பு போலக் கத்துங்கள், வாப்பா கேட்டுக்கொள்வார்கள். காக்கா என்று மட்டும் கூப்பிட்டுவிடுங்கள். நான் எழுதியதாகச் சொல்லாதீர்கள். சொன்னாலும் பரவாயில்லை.

அல்லாஹ் உங்களுக்கும் சாச்சிக்கும் நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். உங்கள் குழுவுக்கு வெற்றி தரட்டும். எங்களை இங்கேயே இருக்கவிடட்டும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்கலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
நதா

கடைசி வரிகள் கோணலாக இருந்தால் மன்னியுங்கள். நூலகத்தை மூடுகிறார்கள், விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.