வாலைப் பிடித்த செல்கள்

தைனான்,
ஜனவரி 9

அன்புள்ள பி-யுன்,

ஆண்டவர் உன்னை நலமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். உன் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வான்கூவரிலிருந்து வந்து சேர்ந்தது. இரண்டே வரி. நம் கான்வென்டில் சிஸ்டர் ஒடிலியா பார்த்திருந்தால் திரும்ப எழுதச் சொல்லியிருப்பார்.

என் முழங்கால் தேவலாம். என் கணவர் இறந்த பிறகு மூன்றாவது சந்திரப் புத்தாண்டு வருகிறது. வீட்டில் சத்தம் இல்லை, படிக்க வசதி.

எழுத வந்த விஷயம் வேறு. நம் ஆய்வகத்தில் செல்களை உறையவைக்கும் பழைய நைட்ரஜன் தொட்டியை மூடப்போகிறார்கள். உரியவர் கேட்காத குப்பிகளைப் புத்தாண்டுக்கு முன் அழித்துவிடுவார்களாம். இப்போதைய தலைவி டாக்டர் லியு சொன்னாள். உன் செல்களும் அதில் இருக்கின்றன.

தொட்டியின் மேல் இன்றும் பச்சை நிற குவாய்-குவாய் நொறுக்குத்தீனிப் பொட்டலம் உட்கார்ந்திருக்கிறது. பெயரே ‘சமர்த்தாயிரு’ என்பதால், இயந்திரம் அடங்கி நடக்கட்டும் என்று முதலில் வைத்தவள் நீ. பச்சைக்குப் பதில் கோளாறைக் கூப்பிடும் மஞ்சள் பொட்டலம் வைத்த, நம்மோடு வேலை செய்த லின்னை, "ஏன்யா, தொட்டியக் கொல்லப் பாக்குறியா?" என்று விரட்டினாய். ஞானஸ்நானம் பெற்றவளுக்கு இது அழகா என்று உன்னைத் திட்டினேன். நீ போன பிறகு, காலாவதியாகும் முன் அதை மாற்றிவந்தவள் நான்தான்.

அந்த வசந்த காலத்தை நினைத்துக்கொள்கிறேன். குழந்தைகளைத் தாக்கிய வைரஸின் உறைப் புரதத்தை பாக்டீரியாவில் தயாரித்தாய். பிரித்தெடுக்க வசதியாக அதில் ஒரு சிறு புரதத் துண்டை வால்போல் ஒட்டி, எலிக்கு ஊசி போட்டாய். அந்த எலியின் செல்களை வளர்த்துக் கிடைத்த நோய் எதிர்ப்புரதம் அதை இறுகப் பற்றியதும் அன்னாசிக் கேக் வாங்கி எல்லோர் வாயிலும் ஊட்டினாய். வைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத, அதே வால் ஒட்டிய வேறொரு புரதத்தை நான் வைத்துப் பார்த்தேன். அதையும் பற்றியது; அது பிடித்தது வாலைத்தான். உண்மையான வைரஸைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"புலியப் பிடிக்கப் போயி, வாலோட வந்திருக்கா நம்ம பி-யுன்!" என்றார் அப்போது ஆய்வகத்தில் நம்மோடிருந்த என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். "வாலைப் பிடிச்சவளுக்கு இங்க என்னடி வேலை, ஆக்னெஸ்?" என்று கேட்டு, ஆய்வக மேலங்கியை மடித்து வைத்துவிட்டுப் போனவள்தான் நீ.

அந்தச் சோதனையை இன்றும் செய்வேன். அது சரியானது. அந்தச் சிரிப்பு சரியில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. பிற்பாடு யாரையும் அவர் அந்தக் கதையைச் சொல்ல விட்டதில்லை.

செல்களுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க லியு ஒரு குப்பியை உருக்கினாள். "அம்மா, எந்தப் புரதத்துல அந்த வால ஒட்டுனாலும் டக்குனு கண்டுபிடிச்சிருது! இதத்தான் நாங்க வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்துக்கெடக்குறோம்" என்று குதித்தாள். அந்தச் செல்களை உன் பெயரிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறாள். உன் சம்மதம் வேண்டும்.

மின்னஞ்சலில் ஒரு வரி போதும் என்றாள். போதாது, பி-யுன் நேரில் வந்து கையெழுத்திடுவாள் என்று சொல்லிவிட்டேன். நீ வரும்வரை உன் குப்பிகளைத் தொட மாட்டார்கள். மாடியில் தெற்குப் பார்த்த அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். புத்தாண்டுக்கு முந்திய நாள் சாப்பாட்டுக்கு மேஜையில் இரண்டு கிண்ணம் வைப்பேன்.

உன் விமானத்துக்கு ஆண்டவர் நல்ல காற்றைத் தருவாராக.

உன்,
ஆக்னெஸ் ஷூ-சென்