பிச்சைமுத்து பெரியப்பாவின் விலா எலும்பு

அன்பு மகள் ஹேமாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பால் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்த லண்டன் குளிரில் சுகமாக இருக்க முருகன் துணை. போனில் சொல்லலாம்தான், ஆனால் வீடியோவில் உன் முகம் தெரியுமே, அதற்குப் பயந்துதான் காகிதம்.

என்னோடு துறைமுகத்தில் வேலை செய்த பிச்சைமுத்து பெரியப்பா போன வாரம் கோப்பிக் கடையில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வாய் சும்மா இருக்குமா, கையாலேயே முதுகைச் சரிசெய்கிற ஆஸ்டியோபதி படிக்கிற பிள்ளைகளுக்கே என் மகள்தான் டீச்சர், எனக்குத் தெரியாததா, வாங்கண்ணே என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். நீ அனுப்பிய வகுப்பு வீடியோவில் உன் மாணவர்கள் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள், கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். அதையெல்லாம் ஓட்டிவிட்டு, டக்கென்று சத்தம் வருகிற இடத்தை மட்டும் பதினைந்து தடவை பார்த்த மேதை நான். அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து அழுத்தினேன். சத்தம் வந்தது. கைராசி என்று சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், விலா எலும்பில் கீறல் என்றார் டாக்டர். மூச்சிரைப்புக்கு வருஷக்கணக்காகச் சாப்பிடுகிற மாத்திரையால் எலும்பு மெலிந்திருக்கிறதாம். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் உன் மாணவர்கள் கேட்ட முதல் கேள்வியாம், அம்மா வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

இதைவிடக் கேவலம் இனிமேல்தான் வருகிறது. டாக்டரிடமும், பதறி ஓடி வந்த தன் மனைவி காமாட்சி பெரியம்மாவிடமும் பெரியப்பா, பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் என் காதில், விடுலா வெள்ளையா, உன் மக படிப்புக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாது என்றார். பெரியம்மாவோ, நல்ல நேரத்துல நீங்க கார் வச்சிருந்தீங்க தம்பி என்று நாலு நாளாக டிபன் கேரியரில் மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறார். நானா விடுவேன், சாப்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு வாயும் முள்தான் அம்மா.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே பெரியம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். போட்ட கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியாது, பின்வாங்கவும் முடியாது, அதற்காகவும்தான் எழுதினேன். உன் வகுப்பில் என் கதையைச் சொல், பெயரோடு சொல், அவசரக் கை என்ன செய்யும் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். நீ தீர்க்காயுசாக இரு. கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே.

கழுவிய டிபன் கேரியரோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்,
உன் அப்பா
வெள்ளையன்