அடுப்பில் மறந்த சீப்பு

டொலிடோ, ஒஹாயோ
பிப்ரவரி, ஞாயிறு மாலை

அன்பு மகள் எட்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சளியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே பாய்சியில் நீயும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். போன் இருக்கும்போது தாளும் பேனாவுமாக வந்து நிற்பதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. வியாழக்கிழமை நீ கேட்டதற்கு நான் ம்ம், ம்ம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். என் சங்கதி உனக்குத் தெரியும், யாராவது கேள்வி கேட்டால் எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும், பதில் மறுநாள் பாத்திரம் கழுவும்போதுதான் வரும். நம் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்றுதான் பெயர், அந்தப் பட்டத்தையும் மேடையேறி வாங்கப் பயந்து தபாலில் வாங்கியவள் நான்.

"டிவில ஏம்மா அழுதே, என்னைப் பெத்ததுக்கா?" என்று கேட்டாய். நான் அழவில்லை கண்ணு. நடந்தது இதுதான். புது அதிபர் வந்ததிலிருந்து இங்கே எந்தச் சானலைத் திருப்பினாலும் ஐந்து பெட்டிக்குள் ஐந்து பேர் உட்கார்ந்துகொண்டு, அவர் கறுப்பரா, பாதிக் கறுப்பரா, போதுமான அளவு கறுப்பரா என்று பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். "இவங்க முடிவு பண்றதுக்குள்ள அந்தாளோட பதவிக்காலமே முடிஞ்சிடும்" என்கிறார் அப்பா. கறுப்பு அம்மா, போலந்து வழி வெள்ளை அப்பா, ஒரே மகள் என்று நம் வீட்டைப் பற்றிச் சர்ச்சில் யாரோ சொல்லிவிட, காம்ப்டன் என்ற நிருபர் பெண் இரண்டு கேமராக்காரர்களோடு வந்துவிட்டாள். வழக்கமான சனிக்கிழமை மாதிரியே இருங்கள் என்றாள். உடனே அப்பா இரண்டு தடவை சவரம் செய்து, டை கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தார். என் கீரைக்கும் அவருடைய போலந்துக் கொழுக்கட்டைக்கும் சண்டை வருமா என்று அந்தப் பெண் ஆவலோடு கேட்டாள். இருபத்திரண்டு வருடமாக இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன என்றதும் அவள் முகம் வாடிவிட்டது.

வழக்கமான சனிக்கிழமை என்றால் எனக்கு என்ன வேலை? உன் மாமா மகள் கியாராவை ஸ்டூலில் உட்காரவைத்து, மறுநாள் சர்ச்சுக்காக முடியை நீவிக்கொண்டிருந்தேன். சுருள் முடியைச் சூட்டால் நேராக்கும் இரும்புச் சீப்பு அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நிருபர் பெண் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுவரச் சொல்லி, "உங்க மக தன்னைக் கறுப்பினம்னு நினைக்கிறாளா, வெள்ளையினம்னு நினைக்கிறாளா?" என்று கேட்டாள். வழக்கம்போல வாய் பூட்டிக்கொண்டது. பதிலைத் தேடிக்கொண்டிருந்தவள் சீப்பை மறந்துவிட்டேன். எண்ணெய் கருகி எழுந்த புகை நேராக என் கண்ணுக்குள் ஏறியது, நான் முகத்தைத் திருப்பினேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. கியாரா "அத்தே, சீப்பு! சீப்பு!" என்று போட்ட கூச்சலை டிவியில் எடுத்துவிட்டு அங்கே பியானோ இசையை வைத்துவிட்டார்கள். நீ பார்த்த அழுகை அதுதான். ஜன்னலைத் திறந்து, கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து நான் பதிலும் சொன்னேன். "அவளுக்குத் தன்னைப் பத்தி நினைக்க எங்க நேரம், ஊர்த் தண்ணி சுத்தமா இருக்கான்னு பரிசோதிக்கிற வேலை. எனக்கும் இவருக்கும் பொறந்தவ. அதுக்கு மேல தெரியணும்னா அவளையே கேளுங்க" என்றேன். எனக்கு அது பெரிய பிரசங்கம். ரொம்ப அருமை, ஆனால் முன்னாடி எடுத்ததில்தான் உணர்ச்சி நன்றாக வந்திருக்கிறது என்றாள் அந்தப் பெண். அப்பா தான் ஓட்டும் பனி வாரும் வண்டி பற்றி அரை மணி நேரம் பேசினாரே, அதில் அவருடைய முழங்கை மட்டும் வந்தது. அந்த முழங்கையைப் பார்க்கச் சொல்லி தபால்காரரையும் கூப்பிட்டுவிட்டார்.

ஒளிபரப்பான அன்று ராத்திரி ஐந்து பெட்டிக்காரர்களும் என் கண்ணீரை ஆராய்ந்தார்கள். ஒருவர் அதை முந்நூறு வருட அடிமைத் துயரம் என்றார். மறுநாள் சர்ச்சில் நான் நுழைந்ததுமே மூன்று வரிசை பெண்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாடகர் குழுவின் ஹேட்டி அக்கா, "ஏண்டி யோலண்டா, பொம்பளை அடுப்பைப் பார்த்துப் பதறுறதுகூடவா அவனுங்களுக்குத் தெரியல? முந்நூறு வருசமாம்! சீப்பு வாங்கி ஆறு வருசம்தானே ஆச்சு? பிள்ளை காது தப்பிச்சுதா?" என்றாள். நானும் சிரித்தேன். நீயும் இங்கே இருந்திருந்தால் பார்த்த உடனேயே சீப்பு என்று கத்தியிருப்பாய். அங்கே நீ ஒருத்திதான் அதைப் பார்த்தாய், உன்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் உன்னைப் பார்த்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை இடத்துச் சாப்பாட்டு அறையில் எவனோ உன் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னான் என்றாய். நீ எத்தனை சதவீதம் கறுப்பு என்று கேட்கிறார்கள், முடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள், சிலர் கேட்காமலேயே தொடுகிறார்கள், மொத்தமாக வழித்துவிடப் போகிறேன் என்றும் சொன்னாய். அதற்கும் நான் ம்ம் என்றுதான் சொன்னேன். பாத்திரம் கழுவும்போது யோசித்துப் பார்த்தேன். முடி உன்னுடையது, தலையும் உன்னுடையது, வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் அவர்கள் கைக்குப் பயந்து வழிக்காதே.

அந்தக் காம்ப்டன் மறுபடியும் கூப்பிட்டாள், இந்த முறை மகளோடு வேண்டுமாம். வீட்டில் புகை இல்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். கேள்வி கேட்டதும் பதில் வந்தது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், உன் கை தொட்ட தண்ணீரைக் குடிக்கிற அந்த ஊரும் நன்றாக இருக்கட்டும். அப்பாவுக்குப் போன் செய்யும்போது முழங்கை அழகாக இருந்தது என்று மறக்காமல் சொல்.

இத்தனையும் எழுதியது ஒன்றைக் கேட்பதற்குத்தான். ஈஸ்டருக்கு முதல் நாள் சனிக்கிழமை வீட்டுக்கு வா, எட்டா. அதுவரை தலையில் கத்தி வைக்காதே. சீப்பைத் தேய்த்துக் கரி எடுத்துவிட்டேன், கத்தரிக்கோலையும் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கவேண்டும் என்று நீ ஸ்டூலில் உட்கார்ந்த பிறகு சொன்னால் போதும்.

உன் வருகைக்காகக் காத்திருக்கும்
அம்மா யோலண்டா