கொட்டு இல்லாத வண்டி

ஐப்பசி 20, சனிக்கிழமை. பாளையங்கோட்டை.

நாடகக் கம்பெனியின் விளம்பர வண்டி இன்று கொட்டுச் சத்தம் இல்லாமல் தெருவில் வந்தது. நோட்டீஸ் கொடுத்த மேனேஜரிடம் காரணம் கேட்டேன்.

"கொட்டுக்காரனுவ எல்லாம் சாவு வீட்டுக்குப் போயிட்டானுவ அண்ணாச்சி. ஆத்தோரத் தெருவுல வாந்திபேதியாம்லா. நீங்க மகளைக் கூட்டிட்டு வாங்க, கொட்டகை நிறைஞ்சிரும்."

நிறைந்துதான் இருந்தது. இந்த ஊருக்கு நல்ல பாட்டுக்காரன் வருவதே அபூர்வம். ராஜா வேஷக்காரன் பாடப் பாட ஒன்ஸ்மோர் கேட்டார்கள். நானும் கத்தினேன். இடைவேளையில் வாசலில் இருந்த ஆற்றுத் தண்ணீர்ப் பானையை எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். குவளை ஒன்றுதான். செண்பகம் குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் வாங்கித் தாங்கப்பா" என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அந்தத் தண்ணீர் மனதில் தட்டியது. எழுந்து பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது விழித்துக்கொண்டு மறுபடியும் தண்ணீர் கேட்கிறாள்.